வாரேன்

பிள்ளை பெற்றவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவதற்கு எங்கள் துறைமுகத்தில் வைத்திருந்த பெயர் 'மீள்வரவு'. கேட்டால் என்னவோ புயலில் சிக்கிய வள்ளம் கரை திரும்பியதுபோல இருக்கும். ஆறு வாரப் பயிற்சி. அதில் என்னைப் பழக்க ஒரு வாரம் போதுமாம். மிச்ச நாளெல்லாம் வீட்டில் இருப்பவர்களைப் பழக்குவார்கள். எங்கள் வீட்டில் இருப்பவர்கள் என் வீட்டுக்காரர் ரீகனும் மகன் ஆல்வினும்தான். ஆல்வினுக்கு அப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அவனுக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் கிரேன் ஓட்டுகிறவள். உச்சியில் ஏறி உட்கார்ந்து ஓட்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. கடலே தெரியாத ஒரு குளிர் அறையில், ஸ்கிரீன்களுக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால், அங்கே கப்பலிலிருந்து ஒரு கண்டெய்னர் எழும்பும். அதன் கீழே லாரிக்காரர்கள் நிற்பார்கள். கை ஒரு சுண்டு சுண்டினால் ஆள் காலி. அதனால்தான் அந்த விதி: மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள தாய், திரை வைத்துக்கொள்ளாமல் கிரேனில் உட்காரக் கூடாது. வேறெங்கோ ஒரு துறைமுகத்தில் பிள்ளை நினைப்பில் ஒருத்தி கண்டெய்னரை லாரி மேல் இறக்கிவிட்டாள் என்று ஒரு கதை சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாமாருக்கு இந்த விதி கிடையாது. அவர்களுக்குக் கை நடுங்காதாம்.

திரை என்றால் துணி இல்லை. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், எள்ளுப்போல ஒன்று. வைக்கும்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அதை விளக்க கம்பெனியிலிருந்து தமயந்தி மேடம் வீட்டுக்கே வந்தார். சென்னைக்காரர். வந்ததும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. அதை இப்போதும் சொல்வேன்.

"பிள்ளைய மறந்துருவாளா மேடம்?" ரீகன் நேராகவே கேட்டார்.

"மறக்கவே மாட்டாங்க சார். பேரு, முகம், அடுத்த தடுப்பூசி என்னைக்கு, எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனா... பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"பாவமாத்தான் இருக்கும்."

"உடனே அங்க ஓடுவீங்களா?"

"நான் எதுக்கு ஓடுதேன்? அவன் அம்மா பாத்துக்கிடுவா."

"அதேதான். டியூட்டி நேரத்துல இவங்களுக்கு எல்லாக் குழந்தையும் பக்கத்து வீட்டுக் குழந்தை. அவ்ளோதான் திரை."

ரீகன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வேறு வழி இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பேன். அவருடைய படகு எஞ்சின் பட்டறை கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அவருக்குத் தெரிந்த டீசல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கடலை விட்டுப் போய், படகுகள் எல்லாம் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தன. வீடு ஓடுவது என் வேலையில். அதோடு இன்னொன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்தக் குளிர் அறைக்குள் நுழைந்த முதல் பெண் நான். அந்த நாற்காலியை விட எனக்கு மனதில்லை.

"திரைய எறக்குறதுக்கும் ஏத்துறதுக்கும் ஒவ்வொரு வார்த்தை வேணும்" என்றார் மேடம். "இது உங்க காதைக் கேக்காது, தொண்டையைத்தான் கேக்கும். நீங்க சொன்னாத்தான் வேலை செய்யும். மறந்துடாம, தானா வாயில வர்ற வார்த்தையா இருக்கணும். வீட்டை விட்டுக் கெளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

"வாரேன்."

"சாயங்காலம் வந்ததும்?"

"வந்துட்டேன்."

"பாருங்க, எவ்ளோ சுலபமா முடிஞ்சிருச்சு" என்று மேடம் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த அறையில் மூன்று தமிழர்கள் இருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரங்களில் ரீகனுக்குப் பயிற்சி. என்னைப் பயிற்சி மையத்தில் உட்கார வைத்துத் திரையை இறக்குவார்கள். அவர் வீட்டிலிருந்து போன் செய்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கி" என்று சொல்ல வேண்டும். நான், "அப்படியா, சிரப் குடுங்க" என்பேன். அவர் கோபப்படாமல், குரல் உடையாமல், "சரி" என்று சொல்லி போனை வைக்க வேண்டும். அதுதான் தேர்வு. முதல் தடவை அவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். அடுத்த தடவை பேச்சே வரவில்லை. அதற்கப்புறம் தேறினார். தேறிய அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று படுத்துக்கொண்டார்.

வேலைக்குப் போன முதல் நாள் வாசலில் ஆல்வினை முகர்ந்துவிட்டு, "வாரேன்யா" என்றேன். படியில் கால் வைத்தபோது உடம்பு லேசாகி, பிரா இறுக்கம் தளர்ந்தது போல இருந்தது. அன்று முழுவதும் என் கை கல் மாதிரி நின்றது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்து, "வந்துட்டேன்" என்றதும் பகல் முழுதும் வராத பயமெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரீகனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போய் டீ போட்டார்.

இப்படியே ஓடியது. ஆல்வின் தவழ ஆரம்பித்தான். ரீகன் மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பார்.

"வாரேன் வாரேன்னு சொல்லுத, ஆளக் காணும். பிள்ள கெடந்து தொண்ட வத்திப் போவுது."

"வந்துட்டம்லா? அடுப்புல கைவேலையா இருந்தேன்."

அசதி என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். நடந்ததை இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்ணாடி போலத் தெரிகிறது. பிள்ளை அழுவான். ஓட வேண்டும் என்று நெஞ்சு துடிக்கும். அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பேன். கொடுத்ததும் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். சரி, அழுகிறான், பார்க்கலாம் என்று வெங்காயத்தை நறுக்கி முடிப்பேன். முடித்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு என்ற கணக்கில் போவேன். தூக்கும்போது வாய் தானாகவே, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லும். சொன்னதும் பதறி, பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொள்வேன். இவ்வளவு நேரம் என்ன செய்தேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். திரை விழுவது விழுந்தவளுக்குத் தெரியாது. பதற்றம் இல்லாததை யார் கவனிப்பார்கள்?

அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. மதியம் நல்ல வெயில். ரீகன் கீழே பட்டறையில் இருந்தார். நான் அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஆல்வின் கூடத்தில் டப்பாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். சாத்தியிருக்கவில்லை. திடீரென்று வீல் என்று ஒரு கத்தல்.

"வாரேன்யா!" என்று எழுந்தேன்.

எழுந்தவள் உட்கார்ந்தேன். கையில் இருந்தது பாதி உரித்த இறால்.

அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் பயந்த அழுகை. பிறகு அது வலியில் அழுகிற அழுகையாக மாறியது. மாறியதை நான் கவனித்தேன். கிரேன் மோட்டாரின் சத்தம் மாறினால் கவனிப்பேனே, அப்படி. வெயிலில் இருக்கிறான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே அடுத்த இறாலை எடுத்தேன். நரம்பை இழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூட ஒழுங்கில்லாமல் உரிக்கவில்லை.

ரீகன் படியேறி ஓடிவருகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய அலறல்.

பால்கனிக் கம்பிக்கு நடுவே ஆல்வினின் கால் மாட்டிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க வீங்கி, நீலம் பாய்ந்து, வெயிலில் காய்ந்த இரும்பில் தேய்ந்து குதிகால் தோல் உரிந்திருந்தது. ரீகன் பட்டறையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து கம்பியை நெம்பிக் காலை எடுத்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன்.

"பிள்ள உயிர் போற மாதிரி கத்துதான், ஒனக்குக் காது கேக்கலியா ஏட்டி?"

"கேட்டுச்சி."

"கேட்டுச்சா? பொறவு?"

"இறால முடிச்சிட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்போது அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர் பிள்ளையைத் தூக்கி என் கையில் திணித்தார். நெஞ்சில் பிள்ளை பட்டதும் வாய் பழக்கத்தில், "வந்துட்டேன்யா, வந்துட்டேன்" என்றது.

அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். மருந்து போட்டுக் கட்டினார்கள். ஆல்வின் அழுது ஓய்ந்து ரீகன் தோளில் தூங்கிவிட்டான். வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கீழ எனக்குக் கேட்டுச்சி" என்றார் ரீகன். "வாரேன்யான்னு நீ சத்தம் குடுத்தது. சரி, அவ போயிட்டான்னுதான் நான் வேலயப் பாத்தேன். வாரேன்னு சொன்னா வரணும்லா ஜெனி? சொல்லிட்டு வராம இருந்தா என்ன அர்த்தம்?"

"அர்த்தம்..." என்று ஆரம்பித்தேன். "என்னங்க, காலையில வேலைக்குப் போவும்போது வாசல்ல நான் என்ன சொல்லுதேன்?"

"வாரேன்னு..." என்று ஆரம்பித்து அவர் அப்படியே நிறுத்தினார்.

போகும்போதும் அதைத்தான் சொல்கிறோம், வரும்போதும் அதைத்தான் சொல்கிறோம். பிறந்ததிலிருந்து சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இயந்திரத்துக்குத் தோன்றிவிட்டது. பிள்ளை அழுதபோதெல்லாம், ஓடி வருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், அது என்னை வேலைக்கு அனுப்பி வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை வீட்டை விட்டு வாய் திறக்காமல் கிளம்பி நேராகத் தமயந்தி மேடத்தின் அறைக்குப் போனேன். சொன்னதைக் கேட்டு அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இதச் செஞ்சவங்க ஊர்ல போறதுக்கு ஒரு வார்த்தை, வர்றதுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் தமிழ்தானே ஜெனிட்டா? எனக்கும் தோணலியே."

"எடுத்துருங்க மேடம்."

"எடுத்துடலாம். எடுத்தா பிள்ளைக்கு மூணு வயசு ஆகுற வரைக்கும் கிரேன் கெடையாது. மறுபடி வைக்கவும் முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். கேட்ல பாஸ் போடுற எடத்துல ஆள் வேணுமான்னு கேட்டுப் பாக்கறேன். கண்டிப்பா கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "வார்த்தைய மாத்தித் தர முடியும். வீட்ல தப்பித் தவறிக்கூட நீங்க சொல்லாத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க. ஆனா கெளம்புறதுன்னு அர்த்தம் இருக்கணும். இல்லேன்னா மூளை ஏத்துக்காது."

இரண்டு பேரும் யோசித்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றுதான் தோன்றியது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்.

"நான் போறேன்."

"அத வீட்ல..."

"எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாவ மேடம். 'கடைக்குப் போறேன்', 'குளிக்கப் போறேன்', அது வேற. வாசல்ல நின்னுக்கிட்டு வெறுமனே 'நான் போறேன்'னு சொன்னா வாயில அடிப்பாவ. ஒரேயடியாப் போறவங்கதான் அப்படிச் சொல்லுவாவ."

மேடம் அதை எழுதிக்கொண்டார்.

"அப்ப பாதுகாப்பான வார்த்தைதான்" என்றார்.

ரீகனிடம் சொன்னபோது அவர் சிரிக்க முயன்றார். "சண்ட போட்டு ஒங்கம்மா வீட்டுக்குக் கெளம்பும்போது அதச் சொல்லிராத தாயி" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். அந்த வாரம் முழுதும் காலையில் படியிறங்கி, தெருமுனை தாண்டி, பஸ் ஸ்டாப்பில் யாருக்கும் கேட்காமல் அதைச் சொன்னேன். வீட்டு வாசலில் சொல்ல மனம் துணியவில்லை. இரண்டு நாள் பஸ் கூட்டத்தில் சொல்ல மறந்து, திரை இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சோதனையில் கண்டுபிடித்துவிட்டார்கள். இனிமேல் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், சொல்லுகிறாளா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, திங்கள் முதல் என்று கெடு வைத்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிலில் ஆல்வின் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். சொல் மாறியும், பயத்தில் அந்த வாரம் முழுக்க அவன் அழும்போது வாயைத் திறக்காமலே ஓடிக்கொண்டிருந்தேன். ரீகன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடக்கி வைத்ததெல்லாம் பொங்க, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"வாரேன்யா! எஞ்செல்லம், இந்தா வாரேன்!"

நெஞ்சின் துடிப்பு அடங்கவில்லை. அடங்காமல் அடித்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கைகூடத் துடைக்காமல் எழுந்தேன். ஆல்வினின் அழுகை டக்கென்று நின்றது.

"பாத்தியா?" என்றார் ரீகன் உள்ளே வந்து. "ஒன் கொரலக் கேட்ட ஒடனே அடங்கிட்டான்."

சிரித்துக்கொண்டே தொட்டிலுக்குள் குனிந்தேன். அவன் தூங்கவில்லை. கண் இரண்டும் திறந்திருந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தொட்டில் சேலையை இரண்டு கையாலும் பிடித்து, நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

வேறு எப்போது இப்படி இருந்தான் என்று யோசித்தேன். கொஞ்ச நாளாகவே அழுகை பாதியிலேயே நின்றுபோன நேரங்கள் நினைவுக்கு வந்தன. 'வாரேன்' என்ற குரல் கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கேட்ட பிறகு அழுது பிரயோஜனமில்லை. அதை அவன் நன்றாகப் படித்திருந்தான். நான்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

தமயந்தி மேடத்துக்கு போன் போட்டேன்.

"வார்த்தைய பிள்ளைக்கு எப்படி மாத்துறது மேடம்?"

"என்ன வார்த்தை?"

சொன்னேன்.

"அதுக்கு டிரெய்னிங் எதுவும் இல்ல ஜெனிட்டா" என்றார்.

அன்று பகல் முழுக்க அதே வேலையாக இருந்தேன். மீன் அப்படியே கிடந்தது. தொட்டிலுக்கு ஒரு எட்டு தள்ளி நின்று, "வாரேன்யா" என்பேன். உடனே போய்த் தொடுவேன். தூக்கிக் கொஞ்சி, திரும்பப் படுக்க வைத்து, மறுபடி தள்ளி நின்று சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அவன் சுவரைப் பார்த்தான். ரீகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்க முடியாமல் கீழே போய்விட்டார். சாயங்காலம் ஒரே ஒரு தடவை, நான் சொல்லிவிட்டு நகர்வதற்கு முன்னால், அவன் தலை என் பக்கம் கொஞ்சம் அசைந்தது. எனக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம்.

"ஒரு நாலஞ்சு நாள் லீவு கேளு ஜெனி. இப்பத்தான லேசாத் திரும்புதான்" என்றார் ராத்திரி மேலே வந்த ரீகன்.

கேட்டேன். கப்பல் நிற்கிறது, ஆள் இல்லை, திங்கட்கிழமை வந்தே ஆக வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலை வாசலில் நின்றேன். ஆல்வின் ரீகன் இடுப்பில் இருந்தான். காலில் கட்டு. நான் செருப்பை மாட்டியதும் உதட்டைப் பிதுக்கினான். பிதுக்கிக்கொண்டே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினான். அவன் கை நீட்டி அழுது எத்தனையோ நாளாகிவிட்டது. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அழுதான். வருவேன் என்று நம்பி அழுதான். என் நாக்கில் அந்தச் சொல்தான் நின்றது. நேற்று முழுவதும் சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்த சொல்.

"சொல்லிட்டுப் போ" என்றார் ரீகன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் போறேன்" என்றேன்.

படியிறங்கினேன். மேலே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளைதான் என்று தெரிந்தது. அவன் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.